மிக்சர் பாட்டிலும் குடும்பக் கோப்பும்

என் அப்பா மயிலாப்பூரில் கம்பவுண்டர். டாக்டர் வந்தால் திண்ணையில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். கம்பவுண்டர் வந்தால் பாட்டிலை நீட்டுவார்கள். ஆனால் ஒரு டாக்டரின் வைத்தியம் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் கேட்க வேண்டியது கம்பவுண்டரைத்தான். எந்த மருந்து எத்தனை நாளில் கேட்டது, எந்த வீட்டுக் குழந்தை திரும்பத் திரும்ப வருகிறது, யார் ஆறு மாதமாகக் கடனில் மருந்து வாங்குகிறார்கள், டாக்டர் யாரிடம் எரிந்து விழுந்தார், யாரிடம் உண்மையை மறைத்தார் என்பதெல்லாம் மரத் தடுப்புக்கு உள்பக்கம் நிற்பவருக்குத்தான் தெரியும். பழைய குடும்ப டாக்டர்களைப் பற்றி உருகி உருகி எழுதுகிறவர்கள் எல்லோரும் தடுப்புக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள். நான் உள்ளே வளர்ந்தவள்.

எங்கள் டாக்டர் எல்.எம்.பி. ராயபுரத்து மெடிக்கல் ஸ்கூலில் படித்தவர். 1938-இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியானது அந்தப் பள்ளிதான். பட்டம் வாங்கிய எம்.பி.பி.எஸ்.காரர்கள் எல்.எம்.பி.க்களை ஒரு படி கீழே வைத்துப் பார்த்தார்கள். ஆனால் அந்தக் காலத்தில் நாட்டின் வைத்திய பாரத்தைச் சுமந்தவர்கள் இவர்கள். சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு 1946-இல் கொடுத்த அறிக்கையில் கணக்கு இருக்கிறது: பிரிட்டிஷ் இந்தியா முழுவதிலும் பதிவான டாக்டர்கள் 47,524 பேர், அவர்களில் 29,870 பேர் பட்டமில்லாத, லைசென்ஸ் மட்டும் பெற்றவர்கள். எல்லோரையும் சேர்த்துக்கொண்டாலும் 6,300 பேருக்கு ஒரு டாக்டர்தான். பிரிட்டனில் அப்போது ஆயிரம் பேருக்கு ஒருவர் இருந்தார். இவ்வளவு பற்றாக்குறையைச் சொல்லிவிட்டு, எல்.எம்.பி. படிப்பை மூடிவிட வேண்டும், இனி ஒரே தரத்தில் பட்டதாரி டாக்டர்கள் போதும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. நம்மூர் டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியாரும் குழுவில் ஒருவர். ஆள் இல்லாத நாட்டில் ஆட்களை உருவாக்கும் வழியை அடைக்கலாமா என்று குழுவுக்குள்ளேயே சிலர் மறுத்து எழுதினார்கள். எங்கள் வீட்டில் அப்பாவும் மறுத்தவர்கள் கட்சி. நானும் அந்தக் கட்சிதான். பட்டதாரிகள் நகரத்திலேயே தங்கிவிடுவார்கள் என்று அவர்கள் சொன்னது அப்படியே நடந்தது.

கிளினிக் என்று அதைச் சொல்வது கொஞ்சம் அதிகம். கபாலி கோயில் குளத்துக்குத் தெற்கே ஒரு பழைய வீடு. திண்ணையில் நோயாளிகள், ரேழியில் டாக்டர், கூடத்தை மறித்த மரத் தடுப்புக்குப் பின்னால் அப்பா. அலமாரியில் கண்ணாடி மூடி போட்ட ஜாடிகள்: சோடா பைகார்ப், சோடா சாலிசிலேட், டிங்க்சர் பெல்லடோனா, டிங்க்சர் கார்டமம், கயோலின். பெப்பர்மிண்ட் வாசனைதான் அந்த அறையின் வாசனை. வயிற்று உப்புசத்துக்கு கார்மினேட்டிவ் மிக்சர், பேதிக்கு கயோலின் கலந்த வெள்ளை மிக்சர், காய்ச்சலுக்கு ஏ.பி.சி. பவுடர். காலிப் பாட்டிலை வீட்டிலிருந்து கழுவிக் கொண்டுவர வேண்டும். அப்பா மருந்தைக் கலந்து ஊற்றியபின் ஒரு காகிதப் பட்டையை மடித்து, ஓரத்தில் கத்தரியால் பல் பல்லாக வெட்டி, பாட்டிலின் பக்கவாட்டில் பசை தடவி ஒட்டுவார். ஒரு பல் ஒரு வேளை. எழுத்துத் தெரியாத கிழவிக்கும் அது புரியும். இன்றைக்கு அட்டைக்குள் அட்டையாக வருகிற மாத்திரைகளில் எதைக் காலையில் போடுவது என்று படித்தவர்களே திண்டாடுகிறார்கள்.

அந்த மிக்சர்களில் பாதிக்கு நோயைத் தீர்க்கும் சக்தி கிடையாது, அப்பாவே ஒப்புக்கொள்வார். வயிற்றைக் கொஞ்சம் ஆற்றும், வாய்க்கு நன்றாக இருக்கும், மூன்று நாள் போகும். மூன்று நாளில் பெரும்பாலான காய்ச்சல் தானாகவே இறங்கிவிடும். ஏ.பி.சி.யின் நடு எழுத்தான ஃபெனாசெடின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று பின்னால் தெரிந்து, அதை உலகெங்கும் கைவிட்டார்கள். எத்தனை ஆயிரம் பொட்டலம் மடித்துக் கொடுத்தேன் என்று அப்பா கடைசி வரை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஊசியும் அப்படித்தான். கண்ணாடி சிரிஞ்சைப் பம்ப் ஸ்டவ்வில் கொதிக்கவைப்பார்கள். கூட்டம் குறைவான நாளில் இருபது நிமிஷம் கொதிக்கும். கூட்டமான நாளில் எத்தனை நிமிஷம் கொதித்தது என்று கேட்கக்கூடாது.

மயிலாப்பூருக்குப் பெரிய டாக்டர்களின் பெருமை உண்டு. கோயிலைச் சுற்றி இருந்த வக்கீல் வீடுகளைப் போலவே டாக்டர் வீடுகளும் ஊரின் பொது வாழ்வில் இருந்தன. டாக்டர் எம்.சி. நஞ்சுண்ட ராவ் விவேகானந்தருக்குத் துணையாக நின்றவர், 1896-இல் சென்னையில் ‘பிரபுத்த பாரத’ இதழ் தொடங்கக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர், பாரதிக்கு நண்பர். வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் 1905-இல் வெங்கடரமணா ஆயுர்வேத வைத்தியசாலையை இங்கே வைத்தார். ராமகிருஷ்ண மடத்தின் இலவச டிஸ்பென்சரி 1925 முதல் நடக்கிறது. பக்கத்து தியாகராய நகரில் ஒரு சாலைக்கே டாக்டர் நாயர் பெயர். ஜஸ்டிஸ் கட்சியின் டி.எம். நாயர் காது மூக்கு தொண்டை வைத்தியர் என்பது அந்த சாலையில் புடவை வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்!

அடையாற்றங்கரைக்கு அப்பாலும் இப்பாலும் எல்லோரும் சொன்ன பெயர் டாக்டர் ரங்காச்சாரி. அறுவை சிகிச்சையில் அவருக்கு நிகரில்லை என்பார்கள். வெளியூர் நோயாளிகளைப் பார்க்கச் சொந்தமாக விமானம் வைத்திருந்தார். ராஜம் கிருஷ்ணன் அவருடைய வாழ்க்கையை நூலாகவே எழுதியிருக்கிறார். சென்ட்ரல் எதிரே பொது மருத்துவமனை வாசலில் நிற்கும் சிலை அவருடையது. அந்த ரங்காச்சாரி 1934-இல் ஐம்பத்திரண்டாவது வயதில் இறந்தார்; கொண்டுபோனது டைபாய்டு. அந்தக் காலத்தில் டைபாய்டுக்கு மருந்தே இல்லை. இருபத்தொரு நாள் கஞ்சித் தெளிவும் பார்லித் தண்ணீரும் கொடுத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். குளோரோமைசெட்டின் டைபாய்டைத் தீர்க்கிறது என்று 1948-இல் மலாயாவில் பரீட்சித்துப் பார்த்த பிறகுதான் நிலைமை மாறியது.

மருந்தே இல்லாதபோது வைத்தியத்தின் தரத்தை எதை வைத்து அளப்பது? எங்கள் டாக்டர் டைபாய்டு வீட்டுக்கு இருபத்தொரு நாளும் போவார். போய் என்ன செய்தார்? நாடி பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார். கக்கூஸுக்கும் கிணற்றுக்கும் எத்தனை அடி என்று கேட்டார். மாமியாரைத் தனியே கூப்பிட்டு, மருமகளுக்கு இட்லி கொடுத்துத் தொலைக்காதீர்கள், குடல் ஓட்டையாகிவிடும் என்று மிரட்டினார். வீட்டில் வேறு யாருக்காவது சூடு கண்டதா என்று விசாரித்தார். மறுநாள் திரும்பப் போனார். அந்தத் திரும்பப் போதலில்தான் பலர் பிழைத்தார்கள். ரத்தம் போகிறதா, வயிறு கல்லாகிறதா என்று முதல் மணி நேரத்திலேயே கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடிந்தது.

இந்த இருபத்தொரு நாள் யாருக்கு என்பதையும் சொல்ல வேண்டும். விசிட் கொடுக்க முடிந்த வீடுகளுக்கு. நொச்சிக்குப்பத்திலிருந்து வருகிற மீனவப் பெண்கள் திண்ணை ஏறமாட்டார்கள். ஏறக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. தெருப்பக்கத்து ஜன்னல் வழியாக அப்பா அவர்களுக்கு மருந்து கொடுப்பார். டாக்டர் நல்லவர்; அவர்களிடம் காசு கேட்டதில்லை. ஆனால் அவர்கள் வீட்டுக் கிணற்றை, வேண்டாம், அவர்கள் தண்ணீர் பிடித்த குழாயை அவர் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. இலவச மிக்சரும் இருபத்தொரு நாள் கவனிப்பும் ஒன்றாகிவிடாது. நல்ல மனசு இருந்தும் ஒரே திண்ணை வாசலில் இரண்டு தர வைத்தியம் நடந்தது.

ஆற்றைத் தாண்டினால் இதுவும் கிடையாது. 1950களில் அடையாறு என்பது சென்னையின் தெற்கு விளிம்பு. தியாசபிகல் சொசைட்டி, அவ்வை இல்லம், 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை, அத்தோடு சரி. அதற்குத் தெற்கே தரமணி, வேளச்சேரி, பெருங்குடி எல்லாம் ஏரியும் வயலுமாக இருந்த செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமங்கள். என் பெரியம்மா பெருங்குடியில் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கு உடம்பு சரியில்லை என்றால் யாராவது அடையாறு வரை நடந்து, பஸ் பிடித்து, காலிப் பாட்டிலோடு மயிலாப்பூர் வருவார்கள். நோயாளி வராமலே, நோயாளியைப் பார்க்காமலே மருந்து போகும். “பெரியம்மாவுக்கு எப்படி இருக்கு?” என்று அப்பா கேட்பார். “அப்படியேதான் சித்தப்பா” என்பான் பையன். அதே மிக்சர் மறுபடி போகும்.

அந்தக் கிராமங்களுக்கு என்ன வைத்தியம் கொடுக்க முடியும் என்பதற்கு எதிர்பாராத ஒரு பதில் சேத்துப்பட்டிலிருந்து வந்தது. காசநோய் என்றால் சானடோரியம் என்று இருந்த காலம். தாம்பரத்தில் 1928-இல் டாக்டர் சௌரிமுத்து ஆரம்பித்த சானடோரியத்தின் பெயரில் இன்றும் ரயில் நிலையம் நிற்கிறது. படுக்கை கிடைத்தால் பிழைப்பு, இல்லையென்றால் வீட்டில் ஒதுக்கி வைத்த தட்டும் தம்ளரும். சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டு இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதிக்கு சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்சுகள். இன்னொரு பகுதிக்கு நெருக்கடியான தங்கள் வீட்டிலேயே, கிடைத்த சாப்பாட்டோடு சிகிச்சை. இருவருக்கும் அதே ஐசோனியசிட், அதே பி.ஏ.எஸ்., ஒரு வருஷம். முடிவு 1959-இல் வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களுக்கும் ஏறத்தாழ அதே அளவு குணமானது. வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. அந்தக் கட்டுரையோடு சானடோரிய யுகம் முடிந்தது எனலாம். ஆனால் வீட்டிலேயே சிகிச்சை பலித்ததற்கு ஒரு விலை இருந்தது: மையத்து ஆட்கள் வீடு வீடாகப் போனார்கள், மாத்திரையை எண்ணினார்கள், வராதவர்களைத் தேடிப் பிடித்தார்கள். எங்கள் டாக்டர் பணக்காரர் வீட்டில் செய்த காரியத்தை இங்கே சம்பளத்துக்கு வைத்த ஆட்கள் குடிசை வீட்டில் செய்தார்கள்.

இந்த இடத்தில்தான் டாக்டர் கே.எஸ். சஞ்சீவி வருகிறார். 1903-இல் பிறந்தவர், மருத்துவப் பேராசிரியர், காந்தியவாதி. 1958-இல் வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். 1960களின் தொடக்கத்தில் தரமணியில், அப்போது வெட்டவெளியாக இருந்த இடத்தில், ஆஸ்பத்திரி எழுந்தது. இன்று அதற்கு எதிரே டைடல் பார்க். எங்கள் ஊரில் அதை வி.எச்.எஸ். என்றுதான் சொல்வார்கள். பெரிய டாக்டர்கள் மாலையில் வந்து சம்பளம் வாங்காமல் பார்த்துவிட்டுப் போவார்கள் என்பதுதான் ஜனங்களுக்குத் தெரிந்த செய்தி. எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. சம்பளம் வாங்காத டாக்டர்கள் மயிலாப்பூரில் ஏற்கெனவே இருந்தார்கள்.

முக்கியம் வேறு. சஞ்சீவி காசு வாங்குகிற முறையையே மாற்றினார். நோய் வந்த அன்று வந்து கட்டணம் கட்டுவது என்பதற்குப் பதிலாக, குடும்பம் மொத்தமும் ஆண்டுச் சந்தா கட்டிச் சேர்வது. சந்தா வருமானத்துக்கு ஏற்ப. மாதச் சம்பளக்காரருக்கு ஒரு தொகை, கூலிக்காரருக்குப் பெயருக்கு ஒரு தொகை. வாங்குகிற வைத்தியம் ஒன்று. பிரிட்டனில் 1948-இல் வந்த தேசிய சுகாதார சேவை வரிப்பணத்தில் செய்ததை, இவர் வரி போடும் அதிகாரம் இல்லாமல் அடையாறு பக்கத்துக் குடும்பங்களிடம் சந்தா வாங்கிச் செய்யப் பார்த்தார். கூலிக்காரர் ஏன் கட்ட வேண்டும், தர்மமாகக் கொடுத்தால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. எங்கள் ஜன்னலைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. சந்தா கட்டியவர் திண்ணை ஏறலாம். மருந்து கேட்கவில்லை என்று சண்டை போடலாம். எங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை.

பிறகு கிராமங்கள். பரங்கிமலை வட்டாரத்து ஊர்களில் மினி ஹெல்த் சென்டர் என்று சின்னச் சின்ன நிலையங்கள். ஏறத்தாழ 5,000 ஜனத்துக்கு ஒன்று. அரசின் ஆரம்ப சுகாதார நிலையம் அப்போது லட்சம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில் இருந்தது. அதோடு ஒப்பிட்டால் சஞ்சீவியின் எண்ணம் எவ்வளவு நெருங்கி வந்தது என்று புரியும். முழுநேர டாக்டர் கிராமத்தில் குடியிருக்கமாட்டார் என்பதை அவர் ஒரு உண்மையாக எடுத்துக்கொண்டார், புலம்பவில்லை. டாக்டர் பகுதிநேரம் வந்து போவார். தினசரி வேலைக்கு ஆண் ஒருவர், பெண் ஒருவர், இரண்டு களப் பணியாளர்கள். அவர்களுக்குக் கீழே உள்ளூரிலேயே பயிற்சி பெற்ற தொண்டர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பதிவு: யார் யார் இருக்கிறார்கள், எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி, யார் கர்ப்பம், யாருக்கு இருமல். எங்கள் டாக்டர் இதையெல்லாம் மண்டையில் வைத்திருந்தார். அவர் போனபோது அதுவும் அவரோடு போயிற்று.

மாநில அரசு 1970களின் பிற்பகுதியில் இந்தத் திட்டத்தை ஏற்று மற்ற தொண்டு நிறுவனங்களுக்கும் விரித்தது. செலவை மூன்றாகப் பங்கிட்டார்கள்: மத்திய அரசு ஒரு பங்கு, மாநிலம் ஒரு பங்கு, மூன்றாவது பங்கு நிறுவனமும் ஊரும். சஞ்சீவிக்கு 1971-இல் பத்மஸ்ரீ, 1976-இல் பத்மபூஷண். பெருங்குடிப் பெரியம்மா பத்மபூஷணைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கமாட்டாள். “நர்சம்மா வீட்டுக்கே வருது” என்பதுதான் அவளுக்குச் செய்தி.

அதே 1971-இல்தான் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டாக்டர், வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராமம் ஒன்றில் குடும்ப வைத்தியம் பார்த்துக்கொண்டே, லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நோய் எங்கே அதிகமோ அங்கே நல்ல வைத்தியம் குறைவாகவே கிடைக்கும், சந்தையின் கையில் விட்டால் இன்னும் குறையும் என்பது சாரம். ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்த்து எழுதிவைத்தவர் அவர். நோய் என்று வந்தவர்களை மட்டுமல்ல, வராதவர்களையும். சஞ்சீவிக்கு அவரைத் தெரியுமா என்பது எனக்கு முக்கியமில்லை. வராதவர்களின் பெயரும் ஏட்டில் இருக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒரே புத்தி.

தென்சென்னையின் மற்ற கதையை வேகமாகச் சொல்லிவிடலாம். 1983-இல் கிரீம்ஸ் ரோட்டில் அப்போலோ வந்தது. 1995-இல் உச்ச நீதிமன்றம் டாக்டர்களின் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்றது. நியாயமான தீர்ப்புதான். ஆனால் நாக்கையும் வயிற்றையும் பார்த்து ஒரு முடிவுக்கு வருகிற துணிச்சல் அத்தோடு குறைந்தது. எதற்கும் ஒரு டெஸ்ட் எழுதிவைப்பது பத்திரம் என்றாயிற்று. திண்ணை வீடுகள் ஃப்ளாட்டுகள் ஆயின. மிக்சர் போய் அட்டை மாத்திரை வந்தது. 1948-ஆம் ஆண்டு ஃபார்மசி சட்டத்துக்குப் பிறகு மருந்து கொடுக்கப் பதிவு வேண்டும் என்றாகி, கம்பவுண்டர் என்ற ஜாதியே மெல்ல மறைந்தது. அப்பா பதிவு வாங்கிக்கொண்டார். பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளவில்லை.

மினி ஹெல்த் சென்டர் முறை மாநிலம் முழுக்க வேரூன்றவில்லை. என் அபிப்பிராயம், அந்த மூன்றாவது பங்குதான் காரணம். சஞ்சீவி போன்ற ஆள் நின்று வசூலித்தால் ஊர் கொடுக்கும். அவர் இல்லாத இடத்தில், பக்கத்தில் அரசு நிலையம் இலவசமாகப் பார்க்கும்போது, யார் கொடுப்பார்கள்? கவனிப்பு ஒரு தனி மனிதரின் குணத்தைச் சார்ந்திருக்கக்கூடாது என்று ஏடு திறந்தவரின் திட்டமும் கடைசியில் அவரைச் சார்ந்துதான் நின்றது. 1994-இல் அவர் காலமானார். வி.எச்.எஸ். நடக்கிறது, கிராமங்கள்தான் கிராமங்களாக இல்லை. பெரியம்மாவின் வயலில் கணினி கம்பெனி.

எனக்கு இப்போது சர்க்கரையும் பிரஷரும் உண்டு. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பெண் வீட்டுக்கு வருகிறாள். “அம்மா, நடந்தீங்களா? ஊறுகாய விட்டீங்களா?” என்று கேட்டு, பிரஷர் பார்த்து, போனில் ஏற்றிக்கொண்டு, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறாள். திரும்பவும் வருகிறாள். மாதம் ஒருமுறை நான் போகிற தனியார் டாக்டர் கெட்டிக்காரர், ஆனால் அவருடைய கம்ப்யூட்டரில் இவள் எழுதியது தெரியாது. இவளுடைய போனில் அவர் எழுதியது தெரியாது. போன வருஷம் இரண்டு இடத்திலும் ஒரே மருந்தை வேறு வேறு பெயரில் கொடுத்திருந்தார்கள். கண்டுபிடித்தது நான்தான், கம்பவுண்டர் மகளுக்கு அட்டையின் பின்பக்கச் சின்ன எழுத்தைப் படிக்கிற பழக்கம் உண்டு. இப்போது இரண்டையும் ஒரே ஃபைலில் போட்டு இருவரிடமும் நீட்டுகிறேன். அந்தப் பெண் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்க்கிறாள். டாக்டர் கடைசித் தாளை மட்டும் பார்க்கிறார்.